பாசிக்கு ஓர் இடம்

அந்த யோசனை எனக்கு வாளி கழுவும்போதுதான் தோன்றியது.

எங்கள் வீட்டுப் பின்புறம், மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் மூட்டு ஒன்று வெகுநாளாகக் கசிகிறது. தண்ணீர் சுவரில் பீய்ச்சி அடிக்கிறதென்று அம்மா ஒரு பழைய அரிசிச் சாக்கைக் கிழித்து அந்த மூட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பிளாஸ்டிக் இழையில் நெய்த வெள்ளைச் சாக்கு. கசிவு அதன்மேல் மெல்லிசாகப் பரவி இறங்கிக் கீழே சிமெண்டுத் தொட்டியில் சொட்டும். காலை வெயில் நேராகச் சாக்கில் விழும். அன்று நான் வேலை பார்த்த கடல்மீன் கடையின் உப்பு வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். சாக்கு முழுவதும் ஒரு விரற்கடைத் தடிமனுக்குப் பச்சைப் பாசி. கீழே தொட்டியிலோ, அடியில் கிடந்த என் ஹேர்பின் தெரிகிறது. தொட்டியின் உள்சுவரில் விரல் வைத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.

அதே தண்ணீர், அதே வெயில். பாசிக்குப் பிடித்த இடம் மேலேயே கிடைத்துவிட்டது, அதனால் கீழே வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஐந்து வருஷமாக வீடு வீடாகப் போய், கடல்மீன் தொட்டிகளுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் பாசி தேய்த்தவள் நான். விலங்கியல் படித்தவள் வேறு. பாசியை இருக்கும் இடத்திலிருந்து பிடுங்கத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு இருக்க ஓர் இடம் கொடுத்தால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. என் அம்மாவின் சாக்கு கேட்டுவிட்டது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஜெனிட்டா. நான் விட்டு வந்த கடையில் என் இடத்துக்குச் சேர்ந்திருக்கும் பெண். போன வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

“அக்கா, அண்ணாச்சி நாளைக்கு ஒரு வீட்டுக்கு மாத்து கொண்டு போகச் சொல்லுதாவ. மாத்துன்னா என்னக்கா? கேட்டா, கோமதிட்ட கேளு, அவதான் அதுல கெட்டிக்காரின்னு சொல்லிச் சிரிக்காவ.”

அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வயதில் பணி ஓய்வு பெற்றவர்களைப்போல அனுபவம் எழுதுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தத் தொழிலில் ஓய்வு கொடுத்தாகிவிட்டது. ஜெனிட்டாவுக்குக் குரல் செய்தியில் பதில் சொல்லி முடியாது. வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்து, அதைப் பராமரிக்க ஆள் போட்டிருக்கும் எல்லோருமே இதைப் படிக்கட்டும்.

சங்கரன்கோவிலில் கடல்மீனா என்று கேட்காதவர்கள் கிடையாது. கடல் தூத்துக்குடியில் இருக்கிறது. எங்களுக்கு அது பொட்டலத்தில் வரும். சுத்திகரித்த தண்ணீரில் அந்த உப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுக்க மோட்டாரால் சுழலவிட்டு, உப்பளவு பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடு சரியான இடத்தில் நின்றால்தான் அது கடல். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் மீன் ஊறுகாய்தான். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். ஆறு வாரம். அதில் நான்கு வாரம் வாளி கழுவினேன்.

கற்றுக்கொடுத்தவர் கடை முதலாளி தவசி அண்ணாச்சி. அவரைத் திட்டத்தான் போகிறேன், ஆனால் பொய் சொல்லித் திட்ட மாட்டேன். எங்கள் பக்கத்தில் அவரளவு கடல்மீன் தெரிந்தவர் இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் புறங்கையைத் தொட்டிக் கண்ணாடியில் வைப்பார். “இருபத்தெட்டு இருக்கு, தண்ணியக் குளுத்துத சில்லரப் பாரு” என்பார். வெப்பமானியில் பார்த்தால் இருபத்தெட்டு. தண்ணீரை மோந்து பார்த்தே வடிகட்டி கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்வார். புது மீன் வந்தால் பையோடு தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வீட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விடச் சொல்வார். கடைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வீட்டுத் தொட்டியில் விழக்கூடாது. நம் கடலிலிருந்து உடைத்த கல்பவளம் என்று யார் கொண்டுவந்தாலும், “இது சட்டத்துக்கு ஆவாது, எடுத்துட்டுப் போ” என்று வாசலோடு அனுப்பிவிடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு துளி உப்புக் கறை பார்த்ததில்லை.

அவர் சாயங்காலம் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான். “கண்ணாடி பளிச்சுன்னு இருக்கா ஏட்டி?”

மீன் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார். தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு என்று கேட்க மாட்டார். கண்ணாடி.

இனி மாத்து. ஜெனிட்டா, கவனமாகக் கேள்.

ஒரு வீட்டில் மீன் செத்துவிட்டால், வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்னால் அதே இனத்தில், அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, செத்ததைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்துவிட வேண்டும். அதுதான் மாத்து. உப்பு வாளியின் அடியில் புது மீன் உள்ள பை, அதன்மேல் துண்டு, துண்டின்மேல் பிரஷ். வீட்டுக்காரர் காபி போட உள்ளே போகும் நேரம் போதும். பணம் வாங்குவதில்லை. அதனால் இது திருட்டில்லை என்பது அண்ணாச்சியின் வாதம். “மீனு செத்துட்டுன்னு சொன்னா அந்த வீட்டுப் பிள்ளைங்க அழும். எதுக்கு அழ வைக்கணும்? நம்ம கைநட்டம், அவங்களுக்குச் சந்தோசம்” என்பார். கேட்க நியாயம்போல இருக்கும். மீன் ஏன் செத்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மட்டும் அந்த நியாயத்துக்குள் தெரியாது.

நான் அதில் கெட்டிக்காரி. அது உண்மை. கடையில் இருக்கும் இருபது மீனில் எது பொருந்தும் என்று பார்த்த உடனே சொல்வேன். என் முதல் மாத்து ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். முடித்துவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்தபோது பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியதுபோல இருந்தது. அந்த வெட்கம்கெட்ட பெருமையையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

இப்போது சுலைகா லாத்தா வீடு. லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா.

ராஜபாளையம் சாலையில் ஒரு மாடி வீடு. லாத்தாவுக்குப் பிறந்த ஊர் கடையநல்லூர். கணவர் அன்வர் அண்ணனுக்குச் சவுதியில் தம்மாமில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவார். அப்படி ஒரு தடவை வந்தபோது ஆசைப்பட்டு வைத்த நாலடித் தொட்டி. நாலு மென்பவளம், ஒரு மஞ்சள் டாங் மீன், ஒரு ஜோடி கோமாளி மீன். கோமாளி மீனில் பெரியதுதான் பெண். சின்னது ஆண், அது பெரியதுக்கு முன்னால் உடம்பை நடுக்கி நடுக்கி அடங்கிக் காட்டும். இதை நான் விளக்கிச் சொன்ன அன்று லாத்தா சிரித்த சிரிப்பு தெரு வரை கேட்டிருக்கும்.

“எங்க வீட்டு மாதிரியேதான்னு சொல்லு! அவரு அங்கன இருந்துக்கிட்டே நடுங்குதாரு.”

பெரியதுக்கு இடப்பக்கம், நடுவில் வரும் வெள்ளைக் கோட்டில் ஒரு சின்ன வெட்டு உண்டு. லாத்தா தீனி போடக் கை விட்டால் வந்து விரலைக் கடிக்கும். “பெருசு இன்னைக்கும் என்னையக் கடிச்சு வச்சுட்டு கோமதி” என்று விரலைக் காட்டுவார். விரலில் ஒன்றும் இருக்காது.

அன்வர் அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று தடவை வீடியோவில் கூப்பிடுவார். மூன்று தடவையும் மீன் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. லாத்தா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தீனி போடுவார். இரண்டு பேருக்கும் பேச வேறு எதுவும் இல்லாத நாட்களில்கூட, பெருசு கடித்தது, சிறுசு ஒளிந்தது என்று அரை மணி நேரம் பேசிவிடுவார்கள். அந்தத் தீனிதான் பாசி. போடுகிற உணவில் மிஞ்சியதும் மீனின் கழிவும் தண்ணீரில் உரமாகச் சேரும். உரம் சேர்ந்தால் பாசி வரும். பாறை முழுவதும் தலைமுடிபோலப் பச்சை, மணல்மேல் சிவப்பு ஆடை.

“லாத்தா, ஒரு நாளைக்கு ஒரு தடவ போட்டாப் போதும்” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“மத்த ரெண்டு தடவ அவரு எதப் பாப்பாரு?” என்று கேட்டார் ஒரு நாள்.

போன சித்திரையில் அந்த வீட்டில் நீர் குளிர்விக்கும் சில்லர் பழுதாகி மஞ்சள் டாங் செத்துவிட்டது. லாத்தா கடையநல்லூர் போயிருந்த நாள். பாறைக்குப் பின்னால் கிடந்ததை நான்தான் பார்த்தேன். அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் மாத்தி முடித்தேன். கடையில் இருந்ததில் பெரியதுதான், ஆனாலும் அரை அங்குலம் குறைவு. மறுநாள் நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும்போதே வீடியோவில் அண்ணன் கேட்டார்.

“மஞ்சளு கொஞ்சம் எளச்ச மாதிரித் தெரியுதே?”

“கேமரா கோணம்ணே” என்றேன் நான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“இவருக்கு மொதல்ல கண்ணாடிய மாத்தணும்” என்றார் லாத்தா. அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

அரிசிச் சாக்கைப் பார்த்தது இதற்குச் சில மாதம் கழித்து. பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது லாத்தாவின் அந்தக் கேள்விதான். மற்ற இரண்டு தடவை அவர் எதைப் பார்ப்பார்? ஏன், மூன்று தடவையும் மீனையே பார்க்கட்டும்! தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு சொரசொரப்பான வலை தொங்கவிட்டு, அதன்மேல் தொட்டித் தண்ணீரை மெல்லிசாக ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தால் பாசி அங்கே வளரும். வாரம் ஒரு தடவை வலையை எடுத்துப் பாதியை வழித்துவிட்டால் உரம் பாசியோடு சேர்ந்து வெளியே போய்விடும். இணையத்தில் தேடினேன். உலகத்தில் பலர் வெகுகாலமாகச் செய்கிறார்கள். எனக்கு மட்டும்தான் புதுசு. சரி, அதற்கும் ஒரு கோபம்.

மறுநாள் காலை கடையில் அண்ணாச்சியிடம் ஒரு மூச்சில் சொன்னேன். படம்கூட வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

“இதெல்லாம் போன்ல பாக்க நல்லாருக்கும். நம்மூருத் தண்ணிக்கு எடுபடாது.”

“நம்மூருத் தண்ணியிலதான் அண்ணாச்சி பாத்தேன். எங்க வீட்டுச் சாக்குல.”

“கூறுகெட்டுப் பேசாத. போயி வாளியக் கழுவு.”

போய்க் கழுவினேன். லாத்தாவிடம் மட்டும் ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்தச் சாக்கு, வலைக் கதையைச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து உப்புப் பெட்டி எடுத்து வர அவர் வீட்டுக்கு அனுப்பினார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு ஐந்தடித் தொட்டி உண்டு. அதை ஊரே பார்த்து வியக்கும். நானும் ஐந்து வருஷமாக வியந்திருக்கிறேன். அன்று கீழே அலமாரிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் சிவப்பு வெளிச்சம். திறந்தேன்.

வலை. நன்கு விளைந்த பச்சை வலை. மேலே நீளமாகக் கீறல் போட்ட குழாய், இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு. நான் வரைந்த படம் அப்படியே.

அண்ணாச்சி சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்தார். அலமாரியையும் என்னையும் பார்த்தார். முகம் மாறவில்லை.

“எத்தன வருசமா அண்ணாச்சி?”

“ஒம்போது.”

“எடுபடாதுன்னீங்க.”

“ஏட்டி, பாசி இருக்கப்போயிதான நமக்கு வேல. எல்லா வீட்டுலயும் இத மாட்டிட்டா, வாரா வாரம் வந்து தொடைன்னு எவன் கூப்பிடுவான்? மருந்து எவன் வாங்குவான்? ஒனக்குச் சம்பளம் யாரு தருவா?”

அவர் மனைவி, மதினி, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். உப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தவரை எனக்கு வருத்தம்தான் இருந்தது. தெரிந்தே எங்களைத் தேய்க்கவிட்டிருக்கிறார். தெரிந்தே வீட்டுக்காரர்களுக்கு மருந்துப் புட்டி விற்றிருக்கிறார். தன் மீனுக்கு ஒரு நியாயம், லாத்தா வீட்டு மீனுக்கு வேறு நியாயம்.

அப்போதே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அன்வர் அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி என்னிடம் பாசி மருந்துப் புட்டியைக் கொடுத்தார்.

“அவரு வரும்போது கண்ணாடி பளிச்சுன்னு இருக்கணும். ரெண்டு பங்கு போடு.”

புட்டியின்மேல் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அந்த அழுகலே தின்றுவிடும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

“மொதல்ல கையால பாதியப் பிடுங்கிட்டு ஒரு பங்கு போடுதேன் அண்ணாச்சி. பத்து நாளாவது வேணும்.”

“பத்து நாளுக்கு பிளேன நிப்பாட்டி வைக்கச் சொல்லவா?”

புதன்கிழமை போட்டேன். இரண்டு பங்கு. என் கையால், அளவுக் கிண்ணத்தில் சரியாக அளந்து. காற்று மோட்டார் ஒன்றைக் கூடுதலாக வைத்தேன். அதுதான் என் எதிர்ப்பு. வெள்ளிக்கிழமை காலை தொட்டி கடையில் வாங்கிய படம்போல இருந்தது. மணல் வெள்ளை, பாறை சுத்தம், கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. லாத்தா முந்தின நாளே தம்பியோடு காரில் திருவனந்தபுரம் விமான நிலையம் போய்விட்டார். சாவி என்னிடம். அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணி முதல் மின்சாரம் கிடையாது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, அண்ணாச்சி சொன்னபடி திருவேங்கடத்தில் ஒரு வீட்டுத் தொட்டியைப் பார்க்கப் போனேன். சாதாரண நாளில் அது போதும். அன்று சாதாரண நாள் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்குத் திரும்பினேன். பேட்டரி எப்போது தீர்ந்ததோ தெரியாது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. பவளமெல்லாம் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சிறுசும் மஞ்சளும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. பெருசு இடப்பக்க மூலையில் கிடந்தது. வெள்ளைக் கோட்டில் வெட்டு மேலே தெரிய.

சமையலறையிலிருந்து ஒரு செம்பை எடுத்து வந்தேன். தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினேன். காற்றுக் கலக்க வேறு வழியில்லை. ஒரு கையில் செம்பு, மறு தோளில் போன்.

“அண்ணாச்சி, பெருசு போயிட்டு.”

ஒரு நொடிகூட ஆகவில்லை. “அவங்க எங்கன வாராங்க?”

“செங்கோட்ட தாண்டியாச்சாம்.”

“ஒரு மணி நேரம் இருக்கு. பெரிய கோமாளி மீனு ஒண்ணு கெடக்கு, கொண்டு வாரேன். மாத்திரு. எடப்பக்கம் கோட்டுல அந்த வெட்டு இருக்கும்லா, அது மட்டும் இதுல கெடையாது. வெளிச்சத்தக் கொறச்சு வச்சிரு, மொத ரெண்டு நா தெரியாது.”

அந்த வெட்டை அவர் நினைவு வைத்திருந்தார். ஊர் முழுக்க நூற்றுக்கணக்கில் மீன் விற்ற மனிதருக்கு இந்த ஒரு மீனின் இடப்பக்கம் நினைவிருக்கிறது. எனக்கு அங்கேதான் உடம்பு எரிந்தது. இவ்வளவு தெரிந்தவர், இவ்வளவு பார்க்கத் தெரிந்தவர், அந்தக் கண்ணை இதற்கா பயன்படுத்த வேண்டும்?

கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தார். வாசலில் வெள்ளை வாளியை வைத்தார். உள்ளே வரவில்லை. எந்த மாத்துக்கும் அவர் உள்ளே வந்ததில்லை.

மின்சாரம் வந்திருந்தது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். பழக்கம். கை தானாகவே செய்தது. மூச்சுத் திரும்பிய சிறுசு மெதுவாகப் பையை நோக்கி வந்தது. உள்ளே இருந்த புதுசு ஒரு பாய்ச்சல் பாய்ந்து பிளாஸ்டிக்கில் முட்டியது. சிறுசு ஓடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டியது. பெருசிடம் காட்டுமே, அதேபோல.

மாத்து பலித்துவிடும் என்று புரிந்தது. சிறுசே ஏற்றுக்கொண்டுவிட்டது. லாத்தா விரல் விடுவார், இது கடிக்காது. “பிளேன்ல வந்தவரப் பாத்துப் பயந்துட்டு” என்று நான் சொல்வேன். அன்வர் அண்ணன் கிட்டே வந்து குனிந்து, இது அதில்லையே என்பார். அப்போது என்ன சொல்வது? இந்தத் தடவை கேமரா கிடையாது.

பையை எடுத்து வாளிக்குள் திரும்ப வைத்தேன். பெருசை வலையில் அள்ளி ஒரு பீங்கான் தட்டில் வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கார் வந்தது. அன்வர் அண்ணன் பெட்டியைக்கூட இறக்காமல் நேராகத் தொட்டிக்கு வந்தார்.

“என்ன தங்கச்சி, எப்படி இருக்கே? எங்க பெருசு?”

தட்டைக் காட்டினேன். “செத்துட்டுண்ணே. நான் போட்ட மருந்துல.”

லாத்தா பின்னாலேயே வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். துண்டு விலகியிருந்தது.

“வாளிக்குள்ள இருக்கது என்னது?”

சொன்னேன். மாத்து என்றால் என்ன என்று முழுவதும் சொன்னேன். லாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி?”

தொட்டிக்குள் மஞ்சள் டாங் ஒன்றும் நடக்காததுபோல் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. ஆள்மாறாட்டத்தில் வந்ததுதான் பிழைத்துக்கொண்டது.

“மஞ்சளு” என்றேன். “போன சித்திரையில.”

அன்வர் அண்ணன் ஒரு சிரிப்புச் சிரித்தார். அதில் சிரிப்பு இல்லை. “அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு.”

லாத்தாவின் முகம் அப்போதுதான் மாறியது. “கண்ணாடிய மாத்துங்கன்னு இவர எத்தன தடவ கேலி பேசியிருக்கேன்! நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான இருந்த? அங்கன தனியாக் கெடக்க மனுசன், அவருக்கு இங்கன உள்ளதப் பாக்க இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கிட்டு நின்னியே. வாளிய எடுத்துட்டுப் போ கோமதி. என் கண்ணு முன்னால நிக்காத.”

போனேன். அன்று சாயங்காலம் கடையில் அண்ணாச்சி ஒன்றும் கத்தவில்லை. எல்லா வீட்டுச் சாவியையும் மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். வெளியே போகும்போது, “நல்லா நிறம் பாப்ப. ஒன்ன மாதிரி மாத்துறதுக்கு ஆளு கெடைக்காது” என்றார். ஐந்து வருஷ வேலைக்கு எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது.

ஆக, ஜெனிட்டா, மாத்து என்றால் இதுதான். நீ செய்யாதே என்று சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், செய்யாதே. வாளியின் அடியில் பை இருக்கும் நாளில் அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறதா என்று மட்டும் பார். என்னால் முடிந்தது. சிரித்துப் பேச முடிந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு அண்ணாச்சிமேல் வருவதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது.

அன்வர் அண்ணன் நாற்பது நாள் முடிந்து திரும்பப் போய்விட்டார். முந்தாநாள் ஒரு அழைப்பு. சுலைகா லாத்தா. நலம் விசாரிக்கவில்லை.

“சாக்கு, வலன்னு ஒரு நாளு என்னமோ சொன்னியே, தீனி எவ்வளவு போட்டாலும் அது தின்னுடும்னு?”

“ஆமா லாத்தா.”

“கடைக்காரர நிப்பாட்டியாச்சு. இவரு மறுபடியும் மூணு நேரமும் கூப்பிடுதாரு. நான் தீனி போடத்தான் செய்வேன். நீ வந்து அத மாட்டு. ஆனா ஒண்ணு. இனிமே அந்தத் தொட்டியில எது செத்தாலும் நான் வந்து பாக்குற வரைக்கும் கெடந்த எடத்துலயே கெடக்கணும். கை வைக்கப்படாது.”

சரி என்றேன்.

பூத்தையலுக்கு விற்கும் பிளாஸ்டிக் வலை வாங்கி, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால் இரண்டு பக்கமும் நன்றாகச் சொரசொரப்பாக உரசி வைத்திருக்கிறேன். வழவழப்பாக இருந்தால் பாசி பிடிக்காது. குழாயில் நீளமாகக் கீறல் போட்டாயிற்று. சிவப்பு விளக்கு வந்துவிட்டது. ஜெனிட்டாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவாளா என்று பார்ப்போம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வலையில் பாசி முற்றுவதற்கு ஆறு வாரமாவது ஆகும். முதலில் பழுப்பாக ஒரு கொழகொழப்புத்தான் வரும். அதுவரை தொட்டியில் உள்ள பாசி அப்படியேதான் இருக்கும். கண்ணாடியைத் துடைத்தாலும் இரண்டு நாளில் மங்கும். மருந்து போட மாட்டேன். ஒருவேளை எனக்கே சரியாக வராமலும் போகலாம். இவ்வளவையும் லாத்தாவிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்.

முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்.

“அழுக்கா இருந்தா, அழுக்கா இருக்குன்னு அவர்ட்ட சொல்லிக்கிடுதேன். நீ வா.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகிறேன். வாளியில் வலை மட்டும்தான் இருக்கும். மேலே துண்டு போட மாட்டேன்.